டத்தின் பாலும் சொட்டு மருந்தும்

புந்தோங், ஈப்போ
2 ஜூன் 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

நீ என்னை ப்ளாக் செய்துவிட்டாய் என்று எனக்குத் தெரியும். நான் அனுப்புவதெல்லாம் ஒரே ஒரு டிக்கோடு நின்றுவிடுகிறது. துளசி அண்ணிக்கு போன் அடித்துக் கேட்டால், "போனு மாட்டுத் தொட்டியில விழுந்துருச்சின்னு சொல்லச் சொன்னாரு லா" என்று சிரிக்கிறார். பொய் சொல்வதற்குக்கூட ஆள் வைத்துக்கொள்கிறவன் உலகத்திலேயே நீ ஒருவன்தான். ஆகவே பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு முதல் தடவையாகக் கடிதம் எழுதுகிறேன். ரொட்டிக்காரர் தேவன் தினமும் மோட்டாரில் உங்கள் எஸ்டேட் வரைக்கும் வருகிறாரே, அவரிடம் கொடுத்தனுப்புகிறேன். "நான் ரொட்டி விக்கிறவன், போஸ்மேன் இல்ல" என்று முறைத்தார். காயா பன் நிறைய வாங்கியதும் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

நீ பால் ஊற்றி அனுப்பும் தோங்கைத் திருப்பி அனுப்பியதில் உனக்குக் கோபம். அதுவும் என் வீட்டுக்காரர் அதை நிறைந்தபடியே உன் வாசலில் வைத்துவிட்டு ஒரு வார்த்தையும் பேசாமல் திரும்பியிருக்கிறார். உன் மாப்பிள்ளைக்கு வாய் வராது, தெரிந்ததுதானே. அவர் சொல்ல வேண்டியதை நான் சொல்கிறேன், கேள்.

பிள்ளை யஷ்வினியை எட்டாம் மாத எடை பார்க்க கிளினிக்குக் கொண்டுபோனேன். எடையெல்லாம் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் நர்ஸ் மிஸ்ஸி ரஸ்னா அவள் கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார், உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார், என்னிடம் ஒன்றும் சொல்லாமல் டாக்டரைக் கூப்பிட்டார். விரலில் குத்தி ரத்தம் எடுத்தார்கள். ரத்த அளவு பதினொன்று இருக்க வேண்டியது எட்டரைதான் இருக்கிறது. பிள்ளைக்கு என்ன குடிக்கக் கொடுக்கிறீர்கள் என்று டாக்டர் கேட்டார். நானும் பெருமையாக, "எங்க அண்ணன் மாடு வளக்குறாரு டாக்டர், அஞ்சாம் மாசத்துலேர்ந்து அவரு பாலுதான், ஒரு சொட்டு தண்ணி கலக்க மாட்டாரு" என்றேன். டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

அவர் சொன்னதை எனக்குப் புரிந்த அளவில் எழுதுகிறேன். பிள்ளை வயிற்றில் இருக்கும்போதே தாயிடமிருந்து இரும்புச்சத்தை வாங்கிச் சேர்த்துக்கொள்ளுமாம். அதிகமாகச் சேர்வது கடைசி வாரங்களில்தானாம். நம் யஷ்வினிதான் அவசரக்காரியாயிற்றே, ஒரு மாதம் முன்னாலேயே வந்துவிட்டாள். கொண்டுவந்தது கொஞ்சம், அதுவும் சீக்கிரம் தீர்ந்துவிட்டது. தீர்ந்த நேரத்தில் நான் கையுறை ஃபேக்டரிக்கு வேலைக்குத் திரும்பினேன், உன் பால் வந்தது. மாட்டுப் பாலில் இரும்பே கொஞ்சம்தானாம். அதற்கு மேல், வேறு சாப்பாட்டில் வருகிற இரும்பையும் உடம்பில் ஒட்டவிடாதாம். வயிறு நிறைந்துவிடுவதால் பிள்ளைக்குப் பசியும் எடுக்காதாம். சில பிள்ளைகளுக்குக் குடலில் கண்ணுக்குத் தெரியாமல் ரத்தம்கூடக் கசியுமாம். ஒரு வயது முடிந்த பிறகு தாராளமாகக் கொடுக்கலாம், இப்போது வேண்டாம் என்றார். உன் பாலில் குற்றமில்லை அண்ணா. வயதுதான் ஆகவில்லை.

சொட்டு மருந்து கொடுத்திருக்கிறார்கள். கூடவே ஈரல், இறைச்சி, முட்டை எல்லாம் மசித்துக் கொடுக்கச் சொன்னார்கள். இங்கேதான் சிக்கல். என் மாமியார் வீரம்மா அத்தை வீட்டு வழக்கம் உனக்குத் தெரியும். எஸ்டேட் முனியாண்டிக்கு முதல் முடி கொடுத்து, தாய்மாமன் மடியில் வைத்துக் காது குத்துகிற வரைக்கும் பிள்ளைக்குக் கவிச்சி காட்டக் கூடாது. டாக்டரோ, காது குத்துவதற்கு என்ன அவசரம், ரத்தம் ஏறட்டும் என்கிறார். ரத்தம் ஏற இறைச்சி வேண்டும், இறைச்சிக்குக் காது குத்த வேண்டும், காது குத்த ரத்தம் வேண்டும். நடுவில் மடி கொடுக்க வேண்டிய மாமன் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான்.

கோபப்படு. ஆனால் இங்கே வந்து கோபப்படு.

பாலைத் திருப்பி அனுப்பிய பாவி,
ஷாமினி


ஆல்டன் எஸ்டேட், தஞ்சோங் ரம்புத்தான்
5 ஜூன் 2024

தங்கச்சி ஷாமினிக்கு,

பத்துமலை எழுதுவது. போன் தொட்டியில்தான் விழுந்தது. அரிசியில் போட்டு வைத்திருக்கிறேன்.

நான் தண்ணீர் கலந்தேன் என்று சொல்லியிருந்தால்கூடப் பொறுத்திருப்பேன். சுத்தமான பால், அதனால்தான் ஆகாது என்றால் எந்த ஊர் நியாயம் இது? தஞ்சோங் ரம்புத்தானில் பாதி வீட்டில் என் பாலில்தான் விடியற்காலைத் தேத்தண்ணி கலக்குகிறார்கள். ஒருத்தரும் வெளுத்துப்போய் விழுந்ததாகத் தகவல் இல்லை. உன் பிள்ளைக்கு என்று நான் எல்லா மாட்டுப் பாலையும் கலந்து அனுப்பவில்லை, தெரியுமா? டத்தின் பால் மட்டும்தான் அனுப்பினேன். டத்தின் யார் என்று உனக்குத் தெரியும். டத்தோ பட்டக்காரர் பெண்டாட்டி மாதிரி கழுத்தைத் தூக்கிக்கொண்டு, மற்ற மாடுகளைத் திரும்பியும் பார்க்காமல் நடந்துவருவாளே, அவளேதான். அவள் பாலை விலைக்கு யாருக்கும் ஊற்றுவதில்லை. அதை வாசலில் வைத்துவிட்டுப் போகிறார் உன் புருஷன், செத்த எலியை வைத்ததுபோல.

நாமும் பால் குடித்துத்தான் வளர்ந்தோம். எனக்கு என்ன குறைந்துவிட்டது?

காது குத்துக்கு நான் வரமாட்டேன். மடி வேண்டுமென்றால் புந்தோங் பசாரில் வாடகைக்குக் கிடைக்கிறதா என்று கேட்டுப் பார்.

பத்துமலை

பின்குறிப்பு: பிள்ளை பகலெல்லாம் தூங்கிக்கொண்டே இருக்கிறாளா? இதை நான் கேட்கவில்லை. துளசி கேட்கச் சொன்னாள்.


புந்தோங்
9 ஜூன் 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

துளசி அண்ணியிடம் சொல்: ஆமாம், தூங்கிக்கொண்டேதான் இருக்கிறாள். நல்ல பிள்ளை, அழாத பிள்ளை, தொந்தரவு இல்லாத பிள்ளை என்று தெருவே பாராட்டியது. நானும் கண்ணேறு கழித்தேன். அது நல்ல குணம் இல்லை, தெம்பில்லாமல் கிடக்கிறாள் என்று இப்போதுதான் தெரிகிறது. அதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை.

நாம் பால் குடித்து வளர்ந்த கதையை என்னிடமே சொல்கிறாயே. நம் வீட்டில் பால் என்றைக்கு மிஞ்சியது? நமக்குக் கிடைத்தது கட்டித் தேத்தண்ணியும் பிஸ்கட்டும். அந்தக் கதையும் இங்கே நடந்தது. மிஸ்ஸி ரஸ்னா வீட்டுக்கு வந்து பார்த்தபோது, வீரம்மா அத்தை பிஸ்கட்டைத் தேத்தண்ணியில் தோய்த்து யஷ்வினி வாயில் வைத்துக்கொண்டிருந்தார். "மாக்சிக், தேத்தண்ணி கொடுத்தா சாப்பாட்டுல உள்ள இரும்ப உடம்பு எடுத்துக்காது" என்று மிஸ்ஸி சொன்னார். அத்தை உடனே, "பிஸ்கட்டு எனக்குத்தான் லா, பிள்ள புடுங்கிக்கிருச்சி" என்றார். பல் முளைக்கிற பிள்ளை மாமியார் கையிலிருந்து பிடுங்கியதாம்.

அதைவிடப் பெரிய கூத்து சொட்டு மருந்தில். கொடுக்க ஆரம்பித்ததும் பிள்ளைக்கு வயிற்றால் கறுப்பாகப் போயிற்று. தார் ரோட்டு நிறம். அதைப் பார்த்த உன் மாப்பிள்ளை, எப்போதும் பேசாதவர், "உள்ள ரத்தம் உடையிது, மருந்த நிப்பாட்டு" என்று ஒரு கத்து கத்தினார். அத்தை மருந்துப் புட்டியை எடுத்து சாமி மேடைக்குப் பின்னால் ஒளித்துவிட்டார். இதெல்லாம் நான் ஃபேக்டரியில் இருக்கும்போது. நான் வந்து கிளினிக்குக்கு ஓடினால், மிஸ்ஸி சிரிக்கிறார். இரும்பு மருந்து குடித்தால் கறுப்பாகத்தான் போகுமாம், பயமில்லையாம். மருந்து கொடுக்கும்போதே சொன்னார்களாம். உண்மைதான், சொன்னார்கள். டாக்டர் பேனாவைக் கீழே வைத்ததற்கு அப்புறம் எனக்கு எதுவும் காதில் ஏறவில்லை.

இப்போது மறுபடியும் கொடுக்கிறேன். பாலோடு கலக்காமல் தனியாக. பாதியை என் முகத்தில் துப்புகிறாள். பருப்பும் கீரையும் மசித்துக் கொடுக்கிறேன். நல்லதுதானாம், ஆனால் அதிலிருந்து இரும்பு கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஏறுமாம். கூடவே கொய்யா, பப்பாளி மாதிரி பழம் கொடுத்தால் சீக்கிரம் ஏறுமாம்.

நீ வரமாட்டாய் என்று எழுதியதை அத்தையிடம் நான் சொல்லவில்லை. சொன்னால் அந்தக் கதவும் அடைத்துக்கொள்ளும்.

துப்பல் வாங்கிய முகத்தோடு,
ஷாமினி


ஆல்டன் எஸ்டேட்
12 ஜூன் 2024

ஷாமினிக்கு,

கறுப்பு விஷயத்தைப் படித்து துளசி சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. மாப்பிள்ளை பயந்ததில் தப்பில்லை. நானாக இருந்தால் மருந்தை ஆற்றிலேயே வீசியிருப்பேன்.

உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். சொல்வதற்கு எனக்கு இஷ்டமில்லை. ஆனாலும் சொல்கிறேன்.

இங்கே இரண்டு கன்றுகள் இருக்கின்றன. ஒன்று ஓடிப் புல் மேய்கிறது. இன்னொன்று பிறக்கும்போதே கால் வளைந்து பிறந்தது. மேய முடியாதே என்று தனியாகக் கட்டி, புட்டியில் பால் மட்டும் கொடுத்து, பிள்ளையைப் போலப் பார்த்துக்கொண்டேன். நன்றாகக் கொழுத்திருந்தது. எல்லாரிடமும் காட்டிப் பெருமைப்பட்டேன். உன் கடிதத்தில் கீழ் இமை என்று படித்ததிலிருந்து மனசு கேட்கவில்லை. போய் மேய்கிற கன்றின் இமையை இழுத்துப் பார்த்தேன். சிவப்பு. கால் வளைந்ததன் இமையை இழுத்தேன். சுண்ணாம்பு மாதிரி இருந்தது.

மாட்டு டாக்டருக்கு அடித்துக் கேட்டேன். (போன் கொஞ்சம் கொஞ்சமாகக் காய்கிறது.) அவர், "பால மட்டும் குடிச்சா ஒடம்பு வரும் மலை, ரத்தம் வராது. புல்லு போடு, தீவனம் போடு" என்றார். உன் டாக்டர் சொன்னதை எழுத்துக்கு எழுத்து இவர் சொல்கிறார். இரண்டு பேரும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தார்களா என்று தெரியவில்லை. மாட்டுக்கே மாட்டுப் பால் மட்டும் போதவில்லை. இதற்கு மேல் நான் என்ன பேச?

ஆனாலும் தோங்கை வைத்துவிட்டுப் பேசாமல் போனது தப்பு. ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டுப் போயிருக்கலாம். அந்த வருத்தம் அப்படியேதான் இருக்கிறது.

தேவனிடம் ஒரு பை கொய்யாவும் ஒரு பை பீட்ரூட்டும் கொடுத்திருக்கிறேன். பீட்ரூட்டை அவித்துச் சாறு எடுத்துக் கொடு. நிறத்தைப் பார்த்தாலே தெரியவில்லையா, ரத்தம் பிய்த்துக்கொண்டு ஊறும். தேவன், "அடுத்து மாட்டையே மோட்டார்ல ஏத்திடுவீங்க போல" என்றான்.

வருவதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. சொல்லவில்லை என்றால் வரமாட்டேன் என்று அர்த்தமில்லை. வருவேன் என்றும் அர்த்தமில்லை.

பத்துமலை


புந்தோங்
18 ஜூன் 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

உன் பீட்ரூட்டுக்குக் கோடி கும்பிடு. இனிமேல் அனுப்பாதே.

ஞாயிற்றுக்கிழமை சாறு கொடுத்தேன். விரும்பிக் குடித்தாள், துப்பவே இல்லை. சாயங்காலம் வீரம்மா அத்தை பெம்பர்ஸ் மாற்றப் போனவர், "ஐயோ முனியாண்டி!" என்று அலறிக்கொண்டு சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். உள்ளே சிவப்பு. போன வாரம் கறுப்பு, இந்த வாரம் சிவப்பு. பெம்பர்ஸைப் பிளாஸ்டிக் பையில் சுற்றிக்கொண்டு, காரில் நாங்கள் மூன்று பேரும் அழுதுகொண்டே போனோம். பிள்ளை மட்டும் வாய் சிவக்கச் சிரித்துக்கொண்டு வந்தாள். ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "பீட்ரூட் கொடுத்தீங்களா?" எனக்குத் தரை பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது. சிவப்பாக இருப்பதெல்லாம் ரத்தம் ஆகாதாம் அண்ணா. பீட்ரூட்டில் நிறம்தான் அதிகம், இரும்பு கொஞ்சம்தான். கொய்யா நல்லது, அதை அனுப்பு.

சிரித்துவிட்டாயா? போதும். இப்போது சிரிக்காத விஷயம்.

நேற்று ஹஜ்ஜுப் பெருநாள். பக்கத்து வீட்டு ஷம்சாத் அக்கா ஒரு டப்பா கொண்டுவந்தார். "ஆட்டுக் குர்பான்தான் ஷாமினி, மாடு இல்ல, எனக்குத் தெரியாதா? ஈரலும் சுவரொட்டியும் தனியா எடுத்து வச்சேன், பிள்ளைக்கி" என்றார். சுவரொட்டி, ஆட்டு மண்ணீரல். நான் பிள்ளை பெற்றிருந்தபோது எனக்கு மிளகு போட்டு வறுத்துக் கொடுத்ததும் அவர்தான். டப்பாவை வாங்கிக்கொண்டேன். அத்தை வந்து, ஷம்சாத் அக்காவைப் பார்த்துச் சிரித்து, பலகாரம் கொடுத்து, நல்லபடியாக அனுப்பினார். அப்புறம் டப்பாவை ஃப்ரீசருக்குள் வைத்துக் கதவைச் சாத்தினார். "சாமிகிட்ட சொன்ன சொல்லு இருக்கு. பிள்ளைக்கி ஏதாச்சும் ஆனா நீ பதில் சொல்லுவியா?" என்றார். நான், "இப்ப ஆயிக்கிட்டுத்தான இருக்கு அத்த" என்றேன். அவர் கெட்டவர் இல்லை அண்ணா. பயப்படுகிறார். பிள்ளைக்காகத்தான் பயப்படுகிறார். நானும் அதற்காகத்தான் பயப்படுகிறேன். இரண்டு பேரும் ஒரே பிள்ளைக்காக ஒரே சமையலறையில் சண்டை போடுகிறோம்.

யஷ்வினி தவழப் பார்க்கிறாள். கொஞ்சம் நகர்கிறாள், தலையைத் தரையில் வைத்துப் படுத்துக்கொள்கிறாள். இவ்வளவு சின்ன உடம்பு களைத்துப்போவதைப் பார்க்க முடியவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது.

காது குத்துக்கு வேண்டாம். மடி கொடுக்க வேண்டாம். சும்மா வா.

ஷாமினி


ஆல்டன் எஸ்டேட்
22 ஜூன் 2024

என் தங்கச்சி ஷாமினிக்கு,

நாளைக் காலையில் வருகிறேன். என்னைப் பார்த்ததும் சிரிக்கக் கூடாது. அதற்காகத்தான் முன்கூட்டியே எழுதுகிறேன்.

உன் கடிதம் வந்த அன்று இரவே உன் மாமியாருக்கு போன் போட்டேன். (ஆமாம், காய்ந்துவிட்டது. உன்னையும் ப்ளாக்கிலிருந்து எடுத்துவிட்டேன், பார்.) "அத்த, பிள்ளைக்கி பதிலா மாமன் முடி குடுத்தா முனியாண்டி ஏத்துக்குவாரா?" என்று கேட்டேன். "ஒன் முடியா?" என்று கேட்டார். அப்புறம், "கேட்டுப் பாப்போம்" என்றார். வெள்ளிக்கிழமை லகாட்டில் சொந்தக்காரர் வீட்டுக்குப் போகிறேன் என்று உன்னிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினாரே, அவர் லகாட்டுக்குப் போகவில்லை. என் லோரியில் முன் சீட்டில் உட்கார்ந்து எஸ்டேட் கோயிலுக்குத்தான் வந்தார்.

பூசாரி விஷயத்தைக் கேட்டுவிட்டு, "பிள்ளைய பசியில போடுன்னு எந்தச் சாமியும் சொல்லாது. ஆனா உங்க மனசுக்காக, பூக் கட்டிப் பாத்துருவோம்" என்றார். வாழை இலைத் துண்டில் வெள்ளைப் பூ ஒன்று, சிவப்புப் பூ ஒன்று, இரண்டையும் ஒரே மாதிரி மடித்து முனியாண்டி காலடியில் போட்டார். வெள்ளை வந்தால் சம்மதம். சிவப்பு வந்தால் இல்லை. துளசி கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்தாள். பிரித்தார்.

சிவப்பு.

முதலில் வாய் திறந்தது உன் மாமியார்தான். "காத்து அடிச்சிருச்சி லா, பொட்டலம் பெரண்டுருச்சி. இது கணக்கில்ல, மறுபடி எடு" என்றார். ஷாமினி, சத்தியமாகச் சொல்கிறேன், காற்றே இல்லை. சுற்றி அத்தனை செம்பனை நிற்கிறது, ஒரு ஓலை அசையவில்லை. பூசாரி அவரைப் பார்த்தார். அவர் பூசாரியை முறைத்தார். பூசாரி, "ஆமா, நல்ல காத்து" என்று சொல்லிவிட்டு மறுபடியும் மடித்துப் போட்டார்.

இரண்டாவது தடவை வெள்ளை வந்தது. பூவைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு உன் மாமியார் அழுத அழுகையை நீ பார்த்திருக்க வேண்டும். நீ சொன்னது சரி, அவர் கெட்டவர் இல்லை.

பூசாரியே கத்தியை எடுத்தார். இப்போது என் தலையைக் கண்ணாடியில் பார்த்தால், கத்தரிக்காய்க்குக் காது வைத்த மாதிரி இருக்கிறது. சாயங்காலம் பால் கறக்கப் போனால் டத்தின் என்னை முட்ட வந்தாள். துளசி இன்னும் சிரித்து முடிக்கவில்லை.

காது குத்து பிறகு நடக்கட்டும். கவிச்சிக்கு வழி திறந்தாயிற்று. ஃப்ரீசரிலிருந்து டப்பாவை எடுத்து வை. கொய்யா கொண்டுவருகிறேன். பால் கொண்டுவரமாட்டேன்.

மொட்டை மாமன்,
பத்துமலை


புந்தோங்
26 ஜூன் 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

போன்தான் வேலை செய்கிறதே, எதற்குக் கடிதம் என்று கேட்காதே. தேவன் வாசலில் நின்று, "என்னக்கா, லெட்டரு இல்லயா?" என்று ஏமாந்த முகத்தோடு கேட்டார். நம் கதை எதுவரைக்கும் வந்திருக்கிறது என்று அவருக்குத்தான் கவலை.

நீ சிரிக்கக் கூடாது என்று எழுதியதால் நான் சிரிக்கவில்லை, அழுதேன். உன் தலையைப் பார்த்து அழுதேன் என்று நீ நினைத்துக்கொண்டாய். உன் மாப்பிள்ளை உன் காலில் விழப்போனதும், நீ அவரைப் பிடித்து, "மொதல்ல ஒரு தேத்தண்ணி குடிங்க மாப்பிள்ள" என்றதும், அதற்குத்தான் அழுதேன்.

நீ போன பிறகு நடந்ததைச் சொல்கிறேன். உன் கையால் முதல் வாய் வாங்கியபோது முகத்தைச் சுளித்தாளே, அவளுக்குப் பிடிக்கவில்லை என்று நான் நினைத்தேன். மறுநாள் நான் வேலை முடிந்து வந்தால் சமையலறைக் கதவு சாத்தியிருக்கிறது. உள்ளே வீரம்மா அத்தையும் ஷம்சாத் அக்காவும். சுவரொட்டியை வேகவைத்து, உப்புப் போடாமல், கஞ்சியோடு மசித்து, ஒருவர் கிண்ணத்தைப் பிடிக்க ஒருவர் ஊட்டுகிறார்கள். யஷ்வினி கிண்ணத்துக்குள் கையை விட்டு நேராக அள்ளுகிறாள். அத்தை என்னைப் பார்த்ததும், "சாமி வெள்ளப் பூ குடுத்துருச்சி, பாத்துக்கிட்டுதான் இருக்கு. பாக்கட்டும்" என்றார். இப்போது அவர் ஈரல் தினமும் வேண்டும் என்கிறார். மிஸ்ஸி, வாரத்தில் ஒரு தடவை கொஞ்சம் போதும், மற்ற நாளில் கோழியும் முட்டையும் மீனும் கொடுங்கள் என்று சொல்லியிருக்கிறார். அத்தையைத் தடுப்பதுதான் இப்போது என் வேலை.

நேற்று அவள் தவழ்ந்து வாசல் வரைக்கும் வந்து என் செருப்பை எடுத்து வாயில் வைத்துக்கொண்டாள். நான் திட்டவே இல்லை.

ஜூலை எட்டாம் தேதி ஒன்பதாம் மாத ஊசி. அன்றைக்கே ரத்தமும் பார்ப்பார்கள். எனக்கு லீவு இல்லை, ஓவர்டைம். இவரும் அத்தையும் கொண்டுபோவார்கள். நீயும் போகிறாயா? போனால் எனக்குத் தைரியமாக இருக்கும். அன்றைக்கு முழுக்க நான் கையுறைக்குப் பதிலாக என் விரலைத்தான் எண்ணிக்கொண்டிருப்பேன்.

உன் தங்கச்சி,
ஷாமினி


ஆல்டன் எஸ்டேட்
9 ஜூலை 2024

அன்புத் தங்கச்சி ஷாமினிக்கு,

மாப்பிள்ளை உன்னிடம் எல்லாவற்றையும் சொல்லியிருப்பார். எவ்வளவு என்று போனிலும் நீ கேட்டுவிட்டாய். ஆனால் அவர் மூன்று வார்த்தையில் முடித்திருப்பார். நடந்தது இதுதான்.

கிளினிக்கில் கூட்டம். உன் மாமியார் வெள்ளைப் பூவைக் காயவைத்துத் தாளில் மடித்துக் கைப்பையில் கொண்டுவந்திருந்தார். மிஸ்ஸி ரஸ்னா பெயரைக் கூப்பிட்டதும் நாங்கள் மூன்று பேரும் எழுந்தோம். "ஒரு ஆளு போதும், யாரு மடியில வச்சிக்கிறீங்க?" என்று கேட்டார். மாப்பிள்ளை நகரவில்லை. உன் மாமியார் பிள்ளையை என் கையில் கொடுத்து, "மாமன் மடிதான் மொற" என்று சொல்லிவிட்டார். காது குத்தும்போது எப்படி உட்கார வேண்டும் என்று துளசி எனக்கு வீட்டிலேயே பழக்கிக் காட்டியிருந்தாள். அதே மாதிரி சம்மணம் போட்டு உட்காரப் பார்த்தேன். "நாற்காலியில உக்காருங்க அண்ணே" என்றார் மிஸ்ஸி.

விரலைத் துடைத்தார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். மூன்று வேளை மாட்டோடு மல்லுக்கட்டுகிறவன், ஒரு சின்ன ஊசிக்குக் கண்ணை மூடிக்கொண்டேன், போய் எல்லாரிடமும் சொல். குத்தினார். அப்புறம் உன் மகள் வாயைத் திறந்தாள். ஷாமினி, அந்தக் குரலை நீ கேட்டிருக்க வேண்டும். வெளியே மோட்டாரை நிறுத்திக்கொண்டிருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். என் வயிற்றில் உதைத்தாள், மொட்டைத் தலையில் அறைந்தாள், மிஸ்ஸி கையைத் தட்டிவிட்டாள். தூங்கித் தூங்கி விழுந்த பிள்ளையா இது? எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். "அழுவு டி, நல்லா அழுவு" என்று நானும் அழுதேன். அவளைச் சமாதானப்படுத்த விரலை நீட்டினேன், பிடித்துக் கடித்துவிட்டாள். புதுப்பல் இரண்டும் என் விரலில் இறங்கிவிட்டன.

ரத்தம் பத்தரை. மிஸ்ஸி அதைச் சொன்னதும் மாப்பிள்ளை வாய்விட்டுச் சிரித்தார். அவர் சிரிப்பை நான் இப்போதுதான் முதல் தடவை கேட்கிறேன். இன்னும் கொஞ்சம் ஏற வேண்டுமாம், ஏறின பிறகும் சில மாதம் சொட்டு மருந்தை விடக் கூடாதாம். ஆவணியில் காது குத்தலாமா என்று உன் மாமியார் கேட்டார். தாராளமாக என்றார் டாக்டர். நல்ல மடி கிடைத்திருக்கிறதே என்று என்னைப் பார்த்துச் சிரித்தார்.

பிள்ளை விரலுக்கு பிளாஸ்டர் ஒட்டிவிட்டு, மிஸ்ஸி என் விரலையும் பார்த்தார். லேசாக ரத்தம் வந்திருந்தது. "உங்களுக்கும் ஒண்ணு ஒட்டவா அண்ணே?" என்றார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இன்று காலையில் பால் ஊற்றின வீட்டிலெல்லாம் தோங்கை இறக்கிவைத்துவிட்டு விரலைக் காட்டினேன். என் தங்கச்சி மகள் கடித்தது என்று சொன்னேன்.

பத்துமலை